கோச்சிங்கின் பலனை எப்படிக் கணக்குக் காட்டுவது?

வணக்கம். கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் முகாமையாளர் ஒருவர் கணக்கில் புலி. ஆனால் கூட்டத்தில் யாராவது வாய் திறந்தால் பேனாவால் மேசையைத் தட்டத் தொடங்கிவிடுவார். ஆறு மாதத்தில் மூன்று பேர் விலகிவிட்டார்கள்.

அவருக்கு ஒரு கோச், அதாவது தனியாக உரையாடி நடத்தையை மாற்ற உதவும் பயிற்றுநர், வைக்கலாம் என்றேன். "இந்த வயதில் ரியூஷனா? எத்தனை ரூபாய் மிஞ்சும்?" என்கிறார் பணிப்பாளர். புதியவர்களைத் தேடிப் பழக்கும் செலவை எழுதிக் கொடுத்தேன்; போதவில்லையாம்.

செய்து பார்த்தவர்களே, தொடங்குமுன் எதை அளந்து வைத்தீர்கள்? விலகுவோர் எண்ணிக்கையா, கீழே வேலை செய்வோரின் கருத்தா? கோச்சிடம் அவர் மனம்விட்டுச் சொல்வது பணிப்பாளர் காதுக்குப் போகாதபடி ஒப்பந்தத்தில் எப்படி எழுதினீர்கள்? சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் பிசிசி (PCC, தொழில்முறைக் கோச்சுக்கான சான்றிதழ்) தகுதிக்கு 500 மணிநேர அனுபவம் வேண்டும். அத்தகுதியுடன், தமிழில் பேசக்கூடியவர் கொழும்பில் இருக்கிறாரா?