பிடிச்ச பாட்டு, புதுசா வாங்கின தட்டு: ஊசியை எங்கே வெச்சுப் பார்க்கணும்?

பெரம்பூர்:

இந்த மாசம் மூர் மார்க்கெட் பக்கம் வாங்கினது ரெண்டு எல்.பி. (நிமிஷத்துக்கு 33 சுத்து சுத்தற பெரிய தட்டு). போனி எம் 1978-ல போட்ட 'நைட்ஃப்ளைட் டு வீனஸ்', மைக்கேல் ஜாக்சனோட 'திரில்லர்' (1982). பெரம்பூர், ராயபுரம் ரயில்வே ஆங்கிலோ இந்தியர் வீடுகள்ல ஒரு காலத்துல பாடின இங்கிலீஷ் தட்டுங்க இன்னும் அங்க இங்க வெளிய வருது. ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்டுதான் அதுல ஜாஸ்தி. கிறிஸ்துமஸ் தட்டா இருந்தா யோசிச்சு வாங்குங்க, வருஷா வருஷம் தேய தேய ஓடியிருக்கும்.

கடைக்காரர் எப்பவும் முதல் பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார். அங்க தட்டு நல்லாத்தான் கேக்கும். வெளி ஓரத்துல ஊசிக்கு அடியில க்ரூவ் (பாட்டு பதிஞ்ச வரி) விநாடிக்கு சுமார் 50 செ.மீ. வேகத்துல ஓடுது. லேபிள்கிட்ட வரும்போது அது 21 செ.மீ. ஆயிடும். அதே ஒலியை பாதி நீளத்துக்கும் கம்மியான இடத்துல நெருக்கி வெட்டியிருப்பாங்க. தேய்மானம் முதல்ல தெரியறது அங்கதான்: 'ஸ' சத்தம் கிழியும், சிம்பல் மணல் கொட்டின மாதிரி ஆகும். அதனால ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்க. 'திரில்லர்'ல முதல் பக்கத்தோட கடைசிப் பாட்டே 'திரில்லர்'தான். ஆல்பத்துல எல்லாரும் அடிக்கடி போட்ட பாட்டு, இருக்கறதோ மோசமான இடம். அது சுத்தமா வந்தா தட்டை எடுத்துக்கலாம்.

போனி எம் தட்டுல வேற ஒரு சிக்கல். முதல் பாட்டும் 'ரஸ்புடின்'னும் இடைவெளி இல்லாம ஒட்டி வரும். நடுவுல வெறும் க்ரூவ் கிடையாது. 'ரஸ்புடின்' மட்டும் கேக்கணும்னு கையால ஊசியை இறக்கினவங்க எல்லாரும் ஓடுற இசை மேலதான் இறக்கியிருப்பாங்க. அந்த இடத்துல டார்ச் அடிச்சுப் பாருங்க, பொட்டுப் பொட்டா குத்தியிருக்கும்.

கீறலுக்கு: நகத்தை லேசா ஓட்டினா தட்டுப்படாத மயிரிழைக் கீறல் பெரும்பாலும் சத்தம் போடாது. தட்டுப்பட்டா 'டக் டக்'னு நிமிஷத்துக்கு 33 தடவை வரும், அதோட பழகிக்கலாம். க்ரூவ் போற திசையிலயே சாய்ஞ்சு வர்ற கீறல்தான் ஆபத்து. ஊசி பக்கத்து வரிக்குத் தாவிடும், இல்லன்னா ஒரே வரியில மாட்டிக்கும். அதைக் கழுவியெல்லாம் சரிபண்ண முடியாது.

ராயபுரம்:

அண்ணே, உள்வட்டம் பத்தி சொன்னது சரி. ஆனா தமிழ் தட்டுல அதைவிடப் பெரிய வில்லன், இடம் வலம்னு பிரிக்காம ஒரே சத்தமா தர்ற பழைய மோனோ பிளேயர்தான்.

எனக்குப் பிடிச்சது 'ப்ரியா' (1978). இளையராஜா பாட்டுகளை ஸ்டீரியோல கேக்கறதுக்கு அதைத்தான் முதல்ல எடுப்பேன். இந்த மாதிரி தட்டெல்லாம் அந்தக் காலத்துல பாதி வீட்டுல மோனோ கார்ட்ரிட்ஜ் (ஊசியைப் பிடிச்சிருக்கற பாகம்) போட்ட பெட்டி பிளேயர்லதான் ஓடிச்சு. மோனோ தட்டுல ஊசி இடம் வலமா மட்டும் ஆடினா போதும். ஸ்டீரியோ க்ரூவ்ல மேலயும் கீழயும் ஆடணும். அந்தப் பழைய கார்ட்ரிட்ஜுக்கு மேல கீழ அசைவே கிடையாது, அதனால உழுதுக்கிட்டே போகும். போதாததுக்கு மேல 5 கிராமுக்குப் பக்கமா பாரம்.

இதை எப்படிக் கண்டுபிடிக்கறது? நடுவுல நிக்கிற பாட்டுக் குரல் தெளிவா இருக்கும், ஓரத்துல வர்ற கிடார், வயலின் மட்டும் கரகரக்கும். கடையில ஒத்தை ஸ்பீக்கர்ல போட்டா இது காதுக்குத் தெரியவே தெரியாது. ஹெட்ஃபோன் மாட்டற வசதி இருக்கற கடையா பார்த்துக் கேளுங்க. இல்லன்னா வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. ஓடாத தட்டு கன்னங்கரேல்னு மினுக்கும், உழுத தட்டு சாம்பல் பூத்து நிக்கும்.

அட்டையிலயும் ஒரு குறிப்பு இருக்கு. ஹெச்.எம்.வி. எல்.பி.ல இ.சி.எல்.பி.ன்னு எண் ஆரம்பிச்சா மோனோ, இ.சி.எஸ்.டி.ன்னா ஸ்டீரியோ. பழைய வீட்டுச் சரக்குன்னா, நல்ல நிலைமையில இருக்கற மோனோ தட்டையே தைரியமா எடுக்கலாம்.

கழுவறதுக்கு: ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், 200 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவற லிக்விட் ரெண்டே சொட்டு. மைக்ரோஃபைபர் துணியால க்ரூவ் போற வாக்குல வட்டமா துடைக்கணும், குறுக்கே தேய்க்கக் கூடாது. அப்புறம் வெறும் டிஸ்டில்டு வாட்டர்ல ஒரு அலசு. நம்ம பக்கத்து போர் தண்ணி வேணவே வேணாம். காய்ஞ்சதும் உப்பு க்ரூவுக்குள்ள தங்கி, புது தட்டையும் பொரிய வெச்சிடும். லேபிள் நனையக் கூடாது. கடல் காத்துல பூசணம் பூத்த அட்டையைத் தனியா வெளிய காய வைங்க. உள் உறை மெல்லிசு பி.வி.சி. பிளாஸ்டிக்கா இருந்தா தூக்கிப் போட்டுடுங்க. சென்னை வெயில்ல அது தட்டோட ஒட்டி, மங்கலா ஒரு படலம் விட்டுட்டுப் போகும், அது கழுவினாலும் போகாது.

கொடுங்கையூர்:

நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய தட்டுக்கும் இதே கலவை போடலாமா சார்? ஒரு கட்டு கிடைச்சிருக்கு.

ராயபுரம்:

போடவே கூடாது. 78 ஷெல்லாக், அதாவது அரக்கு. ஆல்கஹால் பட்டா கரைஞ்சுடும். டிஸ்டில்டு வாட்டரும் ரெண்டு சொட்டு லிக்விடும் போதும், ஊற வைக்காம உடனே துடைச்சிடணும். ஊசியும் வேற: எல்.பி. ஊசி முனை 0.7 மில் (ஒரு மில்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு), 78-க்கு 3 மில். எல்.பி. ஊசியை அதுல வெச்சா க்ரூவோட அடியில உட்கார்ந்து அழுக்கை மட்டும் வாசிக்கும். படுக்க வெச்சு அடுக்காதீங்க, ஒண்ணு விரிசல் விட்டா மொத்தக் கட்டும் போச்சு.

தண்டையார்பேட்டை:

தட்டு வாங்க காசு இருக்கறவங்க வாங்குங்கப்பா, நம்மது கேசட்டு. இந்த வாட்டி எடுத்தது 'ரோஜா' (1992), அப்புறம் 'செட் மீ ஃப்ரீ'. படத்துக்கு இசையமைக்கறதுக்கு முன்னாடி ரஹ்மான் மால்குடி சுபாவுக்குப் போட்டுக் கொடுத்த இங்கிலீஷ் பாப் ஆல்பம் அது. பாட்டை விட அந்த சவுண்டுக்காகக் கேக்கலாம்.

கேசட்டை வாங்கறதுக்கு முன்னாடி மூணு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, கண்ணாடி ஜன்னல் வழியா ரீலோட ஓரம். வெள்ளையா மாவு மாதிரி இருந்தா பூசணம். அதை உங்க டெக்ல போட்டா அடுத்த கேசட்டுக்கும் தொத்திக்கும். ரெண்டு, கீழ நடு ஓட்டைக்குள்ள செம்புத் தகடு மேல ஒட்டின சின்ன ஃபெல்ட் பஞ்சு. அது விழுந்திருந்தா சத்தம் அமுங்கி அமுங்கி வரும், ஜனங்க டெக் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவாங்க. மூணு, மூடி திருகா, ஒட்டினதா. அஞ்சு திருகு இருந்தா உள்ளே இருக்கற ரீலை வேற நல்ல கூட்டுக்கு மாத்திடலாம். திறந்தவுடனே ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. ரீல் எந்தப் பக்கம் வெளிய பார்க்குது, ஓரத்துல இருக்கற சின்ன உருளை எங்க உக்காருது, எல்லாம் முதல்ல இருந்த மாதிரியே வரணும். ரெண்டு பக்கமும் இருக்கற வழவழப்புத் தாளை மறந்துட்டா ரீல் கீச்சுனு கத்தும்.

அறுந்தா செலோ டேப் ஒட்டாதீங்க. பசை கசிஞ்சு அடுத்த சுத்துல ஒட்டிக்கும். 3.81 மி.மீ. அகல ஸ்ப்ளைசிங் டேப், அதுவும் முதுகுப் பக்கம் மட்டும்.

ரெண்டு படப் பாட்டை ஒண்ணா அடைச்சு விக்கற சி-90 (90 நிமிஷ) பதிவுன்னா ஜாக்கிரதை. சி-60 விட நாடா மெல்லிசு, வேகமா ஓட்டி ஓட்டி இழுத்துக்கிட்டு பாட்டு அலையும். முதல்ல ரெண்டு பக்கமும் ஒரு தடவை முழுசா சுத்திவிட்டு அப்புறம் பிளே போடுங்க.

ட்ரெபிள் மட்டும் செத்திருந்தா கேசட்டைத் திட்டாதீங்க. நாடாவைப் படிக்கற ஹெட் பக்கத்துல ஸ்பிரிங் மேல ஒரு சின்னத் திருகு இருக்கும், ஹெட்டோட சாய்வைச் சரிபண்ற அதான் அஜிமத். பழைய நிலையைப் பேனாவால குறிச்சுக்கிட்டு, பாட்டு ஓடும்போதே கால் சுத்துக்கும் கம்மியா அப்படி இப்படித் திருப்புங்க. மோனோ பட்டன் அழுத்தி வெச்சுக் கேட்டா சரியான இடம் டக்குனு தெரியும்.

வியாசர்பாடி:

கானாவை விட்டுட்டீங்களே தலைவரே.

2018 ஜனவரியில முதல் மேடை ஏறின 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவோட பாட்டுங்க, அப்புறம் 2021-ல தீயும் அறிவும் பாடின 'என்ஜாய் எஞ்சாமி', இது ரெண்டும்தான் நம்ம ஸ்பீக்கர் சோதனை. ஃபோன் ஸ்பீக்கர்ல டோலக்கோட அடி கேக்கவே கேக்காது, விரல் தட்டற சத்தம் மட்டும்தான் வரும். சட்டி மேளத்தோட அடியோ டப்பா அடியா ஆயிடும். குறைஞ்சது 5 இஞ்ச் ஸ்பீக்கராவது வேணும்.

பர்மா பஜார்ல எம்.பி.3 சி.டி. இன்னும் பழைய சரக்கா அகப்படுது. 700 எம்.பி. தட்டுல 128 கே.பி.பி.எஸ். வெச்சு 12 மணி நேரம் அடைச்சது. அதையே மறுபடி ஆடியோ சி.டி.யா எரிச்சு 'ஒரிஜினல்'னு கொடுக்கறதும் உண்டு. அடிப்பக்கம் நீலமாவோ பச்சையாவோ மினுக்கினா எரிச்சது, வெள்ளியா இருந்தா அச்சுல அடிச்சது. சந்தேகம் தீரலன்னா கம்ப்யூட்டர்ல ஏத்தி, ஆடாசிட்டிங்கற சாஃப்ட்வேர்ல ஸ்பெக்ட்ரம் போட்டுப் பாருங்க. 16 கிலோ ஹெர்ட்ஸ்ல கத்தியால வெட்டின மாதிரி நின்னா அது எம்.பி.3-லேர்ந்து வந்தது. வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஊசி ஓட்டை ஓட்டையா தெரியற சி.டி.யை இனாமா கொடுத்தாலும் வாங்காதீங்க.

வீட்டுல கல்யாணம், சாவுன்னு டேப்ரெக்கார்டர்ல பிடிச்ச கானா கேசட் வெச்சிருக்கறவங்க சீக்கிரம் கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க, அதுக்கு இரண்டாவது பிரதி கிடையாது. முதல்ல தண்டையார்பேட்டை அண்ணன் சொன்ன அஜிமத். அப்புறம் 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ், உச்ச அளவு மைனஸ் 6 டெசிபல் தாண்டாம. இரைச்சல் நீக்கற பட்டனை அமுக்காதீங்க. கைத்தட்டல், பின்னாடி கூட்டம் போடற சத்தம் எல்லாத்தையும் அது இரைச்சல்னு நினைச்சு வழிச்சுடும். ஹிஸ்ஸோட இருந்துட்டுப் போகட்டும்.

பெரம்பூர்:

ஒண்ணு விட்டுப்போச்சு. பாட்டு கொஞ்சம் இழுக்கற மாதிரி இருந்தா தட்டைக் குறை சொல்றதுக்கு முன்னாடி வேகத்தைப் பாருங்க. ஸ்ட்ரோப் தாளை (வேகம் சரியா இருந்தா கோடு நின்ன மாதிரி தெரியற வட்டத் தாள்) நெட்லேர்ந்து பிரிண்ட் எடுக்கறவங்க 50 ஹெர்ட்ஸ்ன்னு போட்டதை எடுக்கணும், 33-க்கு 180 கோடு இருக்கும். 216 கோடு இருந்தா அது அமெரிக்கா கரண்டுக்கு. அதை வெச்சு நம்மூர்ல சரிபண்ணா தட்டு 28-க்குப் பக்கம்தான் சுத்தும், மைக்கேல் ஜாக்சன் கொட்டாவி விட்டுக்கிட்டே பாடுவார். பழைய சோக் போட்ட ட்யூப்லைட் அடியில பாருங்க, எல்.இ.டி.ல பெரும்பாலும் கோடு நிக்கறது தெரியாது.