ஆர்ஏ ஒன்றுதான், தேய்மானம் மட்டும் ஏன் வேறு? (கடைசல்பொறி கேட்கிறது; மேற்பரப்பும் எண்ணெய்ப்படலமும் பதில் சொல்கின்றன.)

கடைசல்பொறி:
இஎன்8 (நடுத்தர கார்பன் எஃகு) ஷாஃப்ட், இண்டக்‌ஷன் ஹார்டனிங் (மின்தூண்டலில் சூடாக்கிக் கடினமாக்குவது) முடிந்து 54 எச்ஆர்சி (ராக்வெல் கடினத்தன்மை அளவு). பாஸ்பர் பிரான்ஸ் புஷ்ஷில் ஓடுகிறது, சொட்டு எண்ணெய். முன்பு கிரைண்டிங், இப்போது சிபிஎன் (கியூபிக் போரான் நைட்ரைடு) இன்சர்ட்டில் ஹார்டு டர்னிங், அதாவது கடினமாக்கிய எஃகை அப்படியே கடைவது. ஃபீட் (ஒரு சுற்றுக்கு உளி நகரும் தூரம்) 0.1 மி.மீ., நோஸ் ரேடியஸ் (உளி முனையின் வளைவு) 0.8 மி.மீ. இரண்டு ஷாஃப்டிலும் ஆர்ஏ (சொரசொரப்பின் சராசரி அளவு) 0.4 மைக்ரான்தான். ஆனால் கடைந்ததில் புஷ் சீக்கிரமே லூஸாகிறது, உள்ளே வரிவரியாகக் கீறல். எங்கே பார்ப்பது?

மேற்பரப்பு:
ஆர்ஏ வெறும் சராசரி. மேடு எது, பள்ளம் எது என்று அதற்குத் தெரியாது. உங்கள் ஃபீடில் 0.1 மி.மீ.க்கு ஒரு கூரான முகடு, இடையில் உருண்ட பள்ளம். கணக்குப்படி (ஃபீடின் வர்க்கத்தை, 8 × ரேடியஸால் வகுத்தால்) முகட்டின் உயரம் சுமார் 1.6 மைக்ரான். 54 எச்ஆர்சியில் அத்தனை முகடும் அரம்தான். மெத்தென்ற பிரான்ஸ் தாங்காது. ஆர்பிகே (துருத்தும் முகடுகளின் உயரம்), ஆர்எஸ்கே (மேடா பள்ளமா எது தூக்கல் என்று காட்டும் அளவு) இரண்டையும் எடுங்கள். ஆர்எஸ்கே பாசிட்டிவாக இருந்தால் முகடுதான் குற்றவாளி. ஸ்டைலஸ் (அளக்கும் ஊசி) அச்சின் போக்கிலேயே ஓடட்டும். முகட்டு இடைவெளி 0.13 மி.மீ.க்குள் இருப்பதால் கட்-ஆஃப் (சொரசொரப்பை அலைவிலிருந்து பிரிக்கும் வடிகட்டி நீளம்) 0.25 மி.மீ., கிரைண்டிங் செய்ததற்கு வைக்கும் 0.8 இதற்குப் பொருந்தாது.

எண்ணெய்ப்படலம்:
முகடு பாதிக் கதைதான். கடைந்த தடம் ஒரு நுண்ணிய மரை, ஒரு திசையில் சுற்றும்போது எண்ணெயைப் புஷ்ஷிலிருந்து வெளியே தள்ளும். சோதிப்பது சுலபம். ஷாஃப்டை ரசமட்டம் பார்த்துச் சக்கில் பிடித்து, லேசாக எண்ணெய் பூசி, சிறு எடை கட்டிய நூலைத் தொங்கவிட்டு மெதுவாகச் சுற்றுங்கள். நூல் ஒருபுறம் நகர்ந்து, திருப்பிச் சுற்றினால் மறுபுறம் நகர்ந்தால் மரை இருக்கிறது. இரண்டு முறையும் ஒரே பக்கம் போனால் மட்டமோ டேப்பரோ சரியில்லை.

இன்சர்ட்டையும் பாருங்கள். ஃபிளாங்க் (உளியின் பக்க முகம்) தேய்மானம் 0.2 மி.மீ. தாண்டினால் ஷாஃப்டின் மேற்பரப்பில் வெள்ளை அடுக்கு (கடைசல் சூட்டில் உருமாறிய மெல்லிய படலம்) வர வாய்ப்பு அதிகம். குறுக்காக வெட்டி, பாலிஷ் செய்து, 2% நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) அரித்தால் கருக்காமல் வெள்ளையாகவே நிற்கும். கெட்டியானது, நொறுங்குவது. அதன் துகள் பிரான்ஸில் பதிந்து ஷாஃப்டையே திருப்பி அறுக்கும்.

கடைசல்பொறி:
நூல் நகர்கிறது, திசைக்கேற்ப மாறவும் செய்கிறது. மறுபடி கிரைண்டிங்தானா?

மேற்பரப்பு:
அவசியமில்லை. அப்ரேசிவ் டேப் ஃபினிஷிங் (உப்புத்தாள் போன்ற நாடாவால் தேய்ப்பது) போதும்: டேப்பை அச்சுவாக்கில் ஆட்டியபடி ஓட்டி, கடைசி பாஸில் ஷாஃப்டை முந்தைய பாஸ்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். முகடுதான் போக வேண்டும், பள்ளம் இருக்கட்டும். எண்ணெய் அங்கேதான் தங்கும். கண்ணாடியாக மின்ன வைப்பது வீண் வேலை. சாதாரண ரோலர் பர்னிஷிங் (உருளையால் அழுத்தி மழமழப்பாக்குவது) இந்தக் கடினத்துக்கு ஒத்துவராது, டைமண்ட் முனை போன்றது வேண்டும்.

எண்ணெய்ப்படலம்:
டேப் ஓட்டியபின் நன்றாகக் கழுவுங்கள். விடுபட்ட அப்ரேசிவ் புஷ்ஷில் பதிந்தால் பழைய கீறல்தான் மறுபடியும் வரும். ஒப்பிடும்போது ரன்-இன் (ஓடிப் பழகும் தொடக்கக் காலத்) தேய்மானத்தைக் கழித்துவிட்டு, அதன்பின் வரும் நிலையான வீதத்தை மட்டும் எடுங்கள்.