ஆர்கே3399 போர்டில் கிராஃபிக்ஸ் டிரைவர் ஏறவில்லை, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. வியாசர்பாடியில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். அதற்காக ரிச்சி தெருவில் ஆர்கே3399 சிப் உள்ள சின்ன போர்டு ஒன்று வாங்கினோம். டெபியன் லினக்ஸ் நன்றாகவே ஏறியது. ஆனால் ஒரு விண்டோவை நகர்த்தினால்கூடத் திக்கித் திக்கித்தான் நகர்கிறது.

படத்தை எது வரைகிறது என்று சொல்லும் ரெண்டரர் வரியில் 'எல்எல்விஎம்பைப்' என்று காட்டுகிறது. அதாவது சிப்பின் கிராஃபிக்ஸ் பகுதியான மாலி ஜிபியு சும்மா இருக்க, முழுப் படத்தையும் சிபியுவே வரைகிறது. இந்தச் சென்னை வெயிலில் ஹீட்சிங்க்கில் விரல் வைக்க முடியவில்லை.

மாலிக்கான திறந்த மூல டிரைவரான பான்ஃப்ராஸ்ட் 2019-லேயே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில், 5.2 பதிப்பில், சேர்ந்துவிட்டது. எங்களிடம் இருப்பது அதைவிடப் புதிய கெர்னல். அதோடு சேர்ந்து வேலை செய்யும் கிராஃபிக்ஸ் லைப்ரரியான மெசாவும் இருக்கிறது. ஆனால் கிராஃபிக்ஸ் சாதனங்கள் தெரியும் டிஆர்ஐ ஃபோல்டரில் கார்டு0 மட்டும்தான், ஜிபியுவுக்கான ரெண்டர்டி128 இல்லை. போர்டில் என்னென்ன வன்பொருள் உண்டு என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் ஜிபியு 'டிஸேபிள்ட்' என்று கிடக்கிறதோ என்று சந்தேகம். அதை எப்படிப் பார்ப்பது, எப்படி மாற்றுவது? மூடிய மாலி டிரைவர் வேண்டாம், பழைய கெர்னலோடு கட்டிப்போட்டுவிடும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். பூட் லாக் முழுவதையும் அனுப்புகிறேன்.