102 மெகாபிக்சலா, ரெண்டாவது கார்டு ஸ்லாட்டா? ஃபோட்டோகினா 2018 பஞ்சாயத்து

ரைன்கரை | 30 செப்டம்பர் 2018

ஜெர்மனி கொலோன்ல ஃபோட்டோகினா கேமரா கண்காட்சி நேத்தோட முடிஞ்சுது. வெள்ளி, சனி ரெண்டு நாளும் போயிருந்தேன். டாய்ட்ஸ் ஸ்டேஷன்ல இறங்கினா கண்காட்சி வாசல் பக்கத்துலயே. திரும்பும்போது மட்டும் கால் வலிக்க வலிக்க ரைன் பாலத்து மேல நடந்து கதீட்ரல் பக்கம் வந்தேன். குளிர் வேற.

பார்த்ததைச் சொல்லிடுறேன், அப்புறம் அடிச்சுக்கலாம். ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் கையில எடுத்துப் பார்த்தேன். 51.4 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட் (சாதாரண கேமராவைவிடப் பெரிய சென்சார்), லென்ஸ் இல்லாம பாடி மட்டும் 4,499 டாலர், எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல. போன வருஷம் வந்த 50எஸ் 6,500 டாலர்னு ஞாபகம் வச்சுக்கோங்க. அதோட ஜிஎஃப்எக்ஸ் 100-ன்னு ஒண்ணை அறிவிச்சிருக்காங்க: 102 மெகாபிக்சல், பாடிக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன், ஃபிரேம் முழுக்க ஃபேஸ் (phase) டிடெக்ட் ஆட்டோஃபோகஸ், விலை 10,000 டாலரை ஒட்டி, அடுத்த வருஷம் வருமாம்.

லைக்கா எஸ்3 அறிவிச்சாங்க, 64 மெகாபிக்சல். லென்ஸ் கம்பெனி ஸைஸ் (Zeiss) ஒரு விநோதம் பண்ணியிருக்காங்க: இசட்எக்ஸ்1. லென்ஸ் கழட்ட முடியாது, 35 மிமீ எஃப்/2 ஒண்ணுதான், உள்ளேயே லைட்ரூம் எடிட்டிங் சாஃப்ட்வேர். படத்தை எடுத்து, கேமராவிலேயே எடிட் பண்ணி அனுப்பிடலாம்.

ஆனா என்னைப் பொறுத்தவரை பெரிய சேதி 25ஆம் தேதி சொன்னதுதான். லைக்கா, பானசானிக், சிக்மா மூணு பேரும் எல் மவுண்ட்ல (மவுண்ட்னா லென்ஸைப் பாடியில மாட்டுற வாய்) ஒண்ணு சேர்ந்திருக்காங்க. பானசானிக்கோட எஸ்1 (24 மெகாபிக்சல்), எஸ்1ஆர் (47 மெகாபிக்சல்) அடுத்த வருஷம். எஸ்1ஆரைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளதான் வச்சிருந்தாங்க, கோயில் நகை மாதிரி. ஆகஸ்ட்ல நிக்கான் இசட், இந்த மாசம் கேனான் ஆர்எஃப், இப்ப எல். இந்த வருஷம் யாரும் கேமரா விக்கல, மவுண்ட் விக்கிறாங்க. பாடியை மூணு வருஷத்துல மாத்திடுவோம். லென்ஸ் வாங்கிட்டா குடும்பம் ஆயிடுச்சு.

---

முகூர்த்தம்24 | 30 செப்டம்பர் 2018

அண்ணே, படமும் பேச்சும் நல்லா இருக்கு. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. நிக்கான் இசட்7 3,399 டாலர். அதுல எத்தனை கார்டு போடலாம்? ஒண்ணு. கேனான் ஈஓஎஸ் ஆர்ல? ஒண்ணு. சோனி ஏ7 III 1,999 டாலர். அதுல ரெண்டு.

நான் கல்யாண வேலை பார்க்குறவன். மூணு வருஷம் முன்னாடி ஒரு முகூர்த்தத்துல தாலி கட்டி முடிச்சு நாத்தனார் முடிச்சு போடுற நேரத்துல கார்டு செத்துப்போச்சு. ஸ்கிரீன்ல எர்ரர், அவ்வளவுதான். ரெண்டாவது ஸ்லாட்ல அதே படம் ஏறிக்கிட்டிருந்ததால தப்பிச்சேன். இல்லைன்னா அன்னைக்கு மண்டபத்துலேயே என்னையும் பந்தியில வச்சுப் பரிமாறியிருப்பாங்க.

102 மெகாபிக்சல் ரா ஃபைலை (கேமரா பதிவு பண்ற மூலப் படம்) அமுக்காம வச்சா ஒரு படம் 200 எம்பியை ஒட்டி வரும். ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுத்தா 600 ஜிபி. அதை யார் காப்பி பண்றது, யார் ஓப்பன் பண்றது, என் ஆபீஸ் கம்ப்யூட்டர் தீக்குளிக்கிறதா?

---

ஜரிகை | 1 அக்டோபர் 2018

முகூர்த்தம் தம்பி, அந்தக் கேமராவை உங்களுக்குன்னு யாரும் செய்யல. லாரியைப் பார்த்து "இதுல பொண்ணு பார்க்கப் போக முடியுமா"ன்னு கேட்ட மாதிரி இருக்கு.

நான் துணிக்கடை கேட்டலாக் எடுக்குறவன். பட்டுப்புடவை முந்தானையை விரிச்சுப் படம் எடுத்துப் பாருங்க. நூல் இழையும் சென்சார் கட்டமும் ஒண்ணோட ஒண்ணு மோதி வானவில் மாதிரி பட்டை பட்டையா ஓடும். மோயரே. போட்டோஷாப்ல அதைத் துடைக்கத் துடைக்க ஜரிகையோட நிறமும் சேர்ந்து போயிடும். அரக்குன்னு அனுப்பினா கடைக்காரர் "இது எங்க சேலையே இல்லை"ன்னு திருப்பி அனுப்புவார். பிக்சல் சின்னதா, நெருக்கமா ஆக ஆக இந்தத் தொல்லை குறையும். எனக்கு 102 வேணும்னு சொல்றது போஸ்டர் அடிக்க இல்லை, இழை தெரியுறதுக்கு.

விலைன்னு வந்தா: 2016 ஜனவரில ஃபேஸ் ஒன் 100 மெகாபிக்சல் கேமரா 48,990 டாலர். அதே வருஷம் ஹாசல்பிளாட் எச்6டி-100சி 32,995. இப்ப 10,000. இன்னைக்கு நம்ம ரூபாய்ல ஏழு லட்சத்துக்கு மேல, வரி தனி. வாங்க முடியுமான்னா முடியாது. வாடகைக்கு எடுக்கக் கட்டுப்படியாகுற விலைக்கு இறங்கியிருக்கு.

இன்னொண்ணு, 50ஆர்ல ரெண்டு ஸ்லாட் இருக்கு. உங்க நெஞ்சுவலிக்கு மருந்து அங்கேயும் இருக்கு.

---

கணக்குவாத்தி | 1 அக்டோபர் 2018

ஜரிகை சார், ஒரு திருத்தம். அந்த 49 ஆயிரமும் 33 ஆயிரமும் வேறு சென்சாருக்கு. அது ஏறக்குறைய 53×40 மிமீ. ஃபுஜியுடையது 43.8×32.9. "மீடியம் ஃபார்மட்" என்ற பெயர் ஒன்று, சரக்கு இரண்டு.

கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) 864 சதுர மிமீ. ஜிஎஃப்எக்ஸ் 1,441. ஆக 1.67 மடங்கு, ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) முக்கால் ஸ்டாப்தான். ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சாரிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்குப் போகும் தாவல் இதைவிடப் பெரியது. ஃபுஜியின் பெருமைக்குரிய 110 மிமீ எஃப்/2 லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 87 மிமீ எஃப்/1.6. சோனியிலும் நிக்கானிலும் 85 எஃப்/1.4 உண்டு. கேனானில் எஃப்/1.2 பல வருஷமாக இருக்கிறது. பின்புலம் மங்குவதற்காக மீடியம் ஃபார்மட் வாங்குகிறேன் என்பவர் காசைக் கொடுத்துக் கொஞ்சம் குறைவாக வாங்குகிறார்.

மோயரே விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதற்கு வேண்டியது சின்னப் பிக்சல், பெரிய சென்சார் அல்ல. 102 மெகாபிக்சலை அந்தப் பரப்பில் பரப்பினால் ஒரு பிக்சல் 3.76 மைக்ரான். அதே பிக்சலை ஃபுல் ஃபிரேமில் பரப்பினால் 61 மெகாபிக்சல் வரும். யாராவது செய்வார்கள், பாருங்கள். அப்போது உங்கள் முந்தானைக்குப் பாதி விலையில் வைத்தியம்.

---

ஜரிகை | 1 அக்டோபர் 2018

வாத்தியாரே, பரப்பை மறந்துட்டீங்க. அதே இழை அதே நுணுக்கத்துல, ஆனா முழு முந்தானையும் ஒரே படத்துல வரணும். 61-ல எடுத்தா ரெண்டு படமா எடுத்து ஒட்டணும். துணி ஃபேன் காத்துல அசையும். ஒட்டுறப்ப யாளி ரெண்டு தலையோட நிக்கும்.

பின்புலம் மங்குறது, அதான் பொக்கே, அது பத்திச் சொன்னதை ஒத்துக்கிறேன். நான் எடுக்குறது எல்லாமே தெளிவா விழுற எஃப்/11-ல. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

---

பழைய_நெகட்டிவ் | 2 அக்டோபர் 2018

தம்பிகளா, நான் 120 ஃபிலிம் ரோலில் கல்யாணம் எடுத்தவன். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கும்போது பதினொன்றாவது ஃபிரேமில் இருந்தால் வியர்த்துவிடும். கழுவும் இடத்தில் கெமிக்கல் சூடு ஏறினால் போனது போனதுதான். இரண்டாவது ஸ்லாட் என்று எங்களுக்கு இருந்தது பிள்ளையார் ஒருவர்தான். அப்படியும் ஆல்பம் போய்ச் சேர்ந்தது. ஒரு ஸ்லாட் போதாது என்று கேமராவையே ஒதுக்குவது கொஞ்சம் அதிகம்.

---

முகூர்த்தம்24 | 2 அக்டோபர் 2018

அண்ணே, உங்க காலத்துல படம் போச்சுன்னா "லேப்ல கெட்டுப்போச்சு"ன்னு சொன்னா நம்பி, ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுருவாங்க. இப்ப மண்டபத்துல முன்னூறு பேர் கையில போன் இருக்கு. எல்லார்கிட்டயும் இருக்குற படம் கேமராக்காரன்கிட்ட இல்லைன்னா கேஸ் போடுவாங்க.

அதுவும் பழைய டெக்னாலஜி இல்லாததால ஒரு ஸ்லாட் வைக்கல. நிக்கான் டி850-ல ரெண்டு, 5டி மார்க் IV-ல ரெண்டு. இருந்ததை எடுத்திருக்காங்க. அடுத்த மாடல்ல திருப்பிக் கொடுத்து "கேட்டீங்களே, கொடுத்துட்டோம்"னு சொல்லப்போறாங்க. எழுதி வச்சுக்கோங்க.

---

கூழைக்கடா | 2 அக்டோபர் 2018

பறவை எடுக்குறவங்க சார்பா: இந்தக் கண்காட்சில எங்களுக்கு ஒண்ணுமே இல்லை. நன்றி, வணக்கம்.

---

ரைன்கரை | 3 அக்டோபர் 2018

முகூர்த்தம், உங்களுக்காகவே ஒண்ணு. பானசானிக் எஸ்1, எஸ்1ஆர் ரெண்டுலயும் ரெண்டு ஸ்லாட்: ஒண்ணு எக்ஸ்க்யூடி, ஒண்ணு எஸ்டி. அங்கே மேடையிலேயே சொன்னாங்க. 4கே வீடியோ நொடிக்கு 60 ஃபிரேமும் உண்டு. ஈஓஎஸ் ஆர் மாதிரி 4கே-ல 1.7 மடங்கு வெட்டிப் போட்டு, வைட் லென்ஸை நார்மல் லென்ஸ் ஆக்குற கூத்து இருக்காதுன்னு நம்புறேன்.

நான் ஏன் எல் மவுண்ட் பத்தியே பேசுறேன்னா, மத்த ரெண்டும் தனிக்குடித்தனம். நிக்கான் பாடிக்கு நிக்கான் லென்ஸ், கேனானுக்குக் கேனான். இங்கே மூணு கம்பெனி ஒரே வாசல்ல வர்றாங்க. லைக்கா வாங்க முடியாதவன் சிக்மா வாங்கலாம். சிக்மா தன்னோட எஸ்ஏ மவுண்ட்டையே விட்டுட்டு இதுக்கு வருது. அப்படி வர்றவன் விளையாட்டுக்கு வரமாட்டான்.

---

கணக்குவாத்தி | 3 அக்டோபர் 2018

மூன்று பேர் கூட்டுக் குடித்தனம் என்றால் சமையலறைச் சண்டையும் உண்டு. தொடக்கத்தில் பானசானிக் தருவது மூன்றே லென்ஸ். சோனி 2013இல் ஏ7 கொண்டுவந்தது. ஐந்து வருஷமாக லென்ஸ் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அந்த முன்னிலையைக் கூட்டணி எப்படிப் பிடிக்கும்?

வாசல் கணக்கும் பாருங்கள். நிக்கான் இசட் மவுண்ட்டிலிருந்து சென்சார் வரை 16 மிமீ. சோனி 18. கேனான் ஆர்எஃப்பும் எல் மவுண்ட்டும் 20. தூரம் குறைவாக இருப்பவன் அடாப்டர் போட்டு மற்றவர் லென்ஸை மாட்டலாம், எதிர்த்திசையில் முடியாது. சோனி லென்ஸை நிக்கானில் மாட்ட 2 மிமீ இடம் இருக்கிறது. எவனாவது அதற்குள் ஒரு தகட்டைச் செருகுவான்.

---

முகூர்த்தம்24 | 4 அக்டோபர் 2018

2 மிமீ தகட்டை நம்பி முகூர்த்தத்துக்குப் போகச் சொல்றீங்களா வாத்தியாரே? நல்லா இருக்கு.

ஆல்பம் கணக்கை நானும் போட்டேன். 12க்கு 36 ஷீட்ல ஒரே படத்தை முழுசா விரிச்சா, 24 மெகாபிக்சல்ல 6,000 பிக்சல் 36 இஞ்சுக்குப் போகுது. இஞ்சுக்கு 167. ஜரிகை அண்ணன் கேமரால இஞ்சுக்கு 324. எந்த மாமனாரும் லென்ஸ் வச்சு ஆல்பம் பார்க்கல. "என் தங்கச்சி படம் ஏன் சின்னதா இருக்கு"ன்னுதான் கேட்குறாங்க. நான் ஏ7 III-க்கு முன்பணம் கட்டிட்டேன். இத்தோட என் பக்கம் முடிஞ்சுது.

---

ரைன்கரை | 29 நவம்பர் 2020

ரெண்டு வருஷம் தூங்கின இழையை எழுப்புறேன், மன்னிக்கணும். ஃபோட்டோகினாவைக் காலவரையின்றி நிறுத்திட்டாங்க. ரெண்டு நாள் முன்னாடி அறிவிப்பு. 1950-ல தொடங்கினது. 2018-ல இருந்து வருஷா வருஷம்னு ஆசையா சொன்னாங்க. 2019-ஐத் தள்ளிப் போட்டாங்க, 2020-க்கு லைக்காவும் நிக்கானும் ஒலிம்பஸும் போன வருஷமே வரலைன்னுட்டாங்க, மீதியைக் கொரோனா முடிச்சுது. அந்தக் கண்ணாடிப் பெட்டி எஸ்1ஆர்தான் நான் அங்கே பார்த்த கடைசிக் கேமராவா இருக்கும் போல.

---

கணக்குவாத்தி | 29 நவம்பர் 2020

கொரோனாவுக்கு முன்பே நோய் இருந்தது. 2010இல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமரா அனுப்பினார்கள். நாம் இங்கே சண்டை போட்ட 2018இல் இரண்டு கோடிகூட இல்லை. மீதிப் பேர் போனுக்குப் போய்விட்டார்கள். குறைந்த ஆளுக்கு விலை கூடிய கேமரா, அதுதான் அங்கே கண்ணாடிக்குள் இருந்தது.

தற்பெருமைக்கு மன்னிக்கவும்: 2019 ஜூலையில் சோனி ஏ7ஆர் IV-ஐ அறிவித்தது. 61 மெகாபிக்சல். 2 மிமீ தகடும் வந்துவிட்டது.

---

ஜரிகை | 30 நவம்பர் 2020

வாத்தியார் 61-ஐச் சரியாச் சொன்னீங்க, ஒத்துக்கிறேன். ஜிஎஃப்எக்ஸ் 100 சொன்ன மாதிரி 2019-ல பத்தாயிரம் டாலருக்கு வந்துது. நான் வாங்கல. ரெண்டு தடவை வாடகைக்கு எடுத்தேன், முந்தானை அப்படியே வந்துது. கைக்காசு போட்டு வாங்கினது செகண்ட் ஹேண்ட் 50ஆர்தான். ஊரடங்குல கடைக்காரங்க கேட்டலாக்கையே நிறுத்திட்டாங்க. அது அலமாரில சும்மா இருக்கு.

---

முகூர்த்தம்24 | 30 நவம்பர் 2020

முதல்ல என் ஜோசியம்: ஜூலைல கேனான் ஆர்5, ஆர்6, போன மாசம் நிக்கான் இசட்6 II, இசட்7 II. நாலுலயும் ரெண்டு ஸ்லாட். சொன்னேனா இல்லையா?

கல்யாணத்துக்கு அம்பது பேர்தான் வர்றாங்க. அதுல பாதிப் பேர் ஆல்பம் வேண்டாம்னுடுறாங்க. மாசத்துல ரெண்டு வேலை வந்தா அதிகம். இப்ப பக்கத்துல ஒரு நகைக்கடைக்கு ஆரம், வளையல் எல்லாம் எடுத்துக் கொடுக்குறேன், அவங்க வெப்சைட்டுக்கு. கல்லுக்குள்ள இருக்குற கோடு வரைக்கும் தெரியணும்னு கேட்குறாங்க. என் 24 அங்கே மூச்சு வாங்குது.

ஜரிகை அண்ணே, அந்த 50ஆரை விக்கிற எண்ணம் இருந்தா எனக்கு முதல்ல சொல்லுங்க. ரெண்டு ஸ்லாட் இருக்குன்னு அப்பவே சொன்னீங்க, மறக்கல.