புதுப்பிப்பு: மிருதங்கத்தில் சொந்தக் கை எப்போது வரும்?

பாடம் எல்லாம் சுத்தமாக வருகிறது, ஆனால் தனி ஆவர்த்தனம் (கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியாக ஒலிக்கும் பகுதி) வாசித்தால் வாத்தியாரின் நகல் மாதிரியே இருக்கிறது என்று முன்பு புலம்பியிருந்தேன். "கோர்வையை நீயே கட்டு, முதலில் வாயால் சொல்" என்று பலர் சொன்னீர்கள். கோர்வை என்றால் கணக்குப் போட்டுக் கட்டி முடிக்கும் சொற்கட்டு. செய்து பார்த்தேன்.

ஆதி தாளம் ஓர் ஆவர்த்தனம் (ஒரு சுற்று) எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு வீதம் 32 மாத்திரை. ததிங்கிணதொம் என்ற சொல் 5 மாத்திரை, இரண்டு சேர்ந்தால் 10. மூன்று முறை, நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (இடைவெளி): 10+1+10+1+10. கணக்கு சரி, ஆனால் மூச்சே விட முடியவில்லை. அப்புறம் தகிட (3), ததிங்கிணதொம் (5) என்று 8 ஆக்கி, இடைவெளியை 4 ஆக்கினேன்: 8+4+8+4+8. அதே 32தான். அந்த நாலு மாத்திரை கார்வையில் தொப்பியில் (கனத்த நாதம் தரும் பக்கம்) ஒரே ஒரு கும்கி (தோலை அழுத்தி வளைக்கும் நாதம்) இழுத்தால் போதும், பாட்டுக்கும் இடம் கிடைக்கிறது. வாத்தியார் அங்கே நிச்சயம் ஏதாவது நிரப்பியிருப்பார்!

மிருதங்க மேதைகள் பாலக்காடு மணி ஐயர் (1912–1981), பழனி சுப்பிரமணிய பிள்ளை இருவரின் பதிவுகளைச் சும்மா கேட்காமல், தொப்பிப் பக்கத்தை மட்டும் கவனித்துக் கேட்கிறேன். பழனி இடது கைக்காரர். அவருடைய கும்கிக்கென்றே ரசிகர்கள் உண்டு. வேகத்தை நகலெடுப்பதைவிட இது எனக்கு உதவுகிறது.

"ஆறு மாசம் பதிவே கேட்காதே" என்ற யோசனையை மட்டும் நான் ஏற்கவில்லை. கேட்காமல் எதை வைத்து வாசிப்பது?

மிஸ்ர சாபுவில் (ஏழு எண்ணிக்கைத் தாளம்) இன்னும் திணறல்தான். அங்கே கார்வையை எங்கே வைக்கிறீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.