ஸ்லாக்லைன் கட்டி ஏறினால் தரை தட்டுகிறது, ராட்செட்டும் கழலவில்லை. அவசரம்

தோப்புக்காரன்
வணக்கம்ங்க. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் ஸ்லாக்லைன் (இழுத்துக் கட்டிய பெல்ட் மேல் நடப்பது) பழகலாம் என்று இரண்டு தென்னைக்கு நடுவில் பெல்ட் கட்டினேன். எவ்வளவு இறுக்கினாலும் ஏறி நின்றால் தரையைத் தொடுகிறது. கால் வேறு தையல் மிஷின் மாதிரி ஆடுகிறது. இப்போது பெல்ட்டை இறுக்கும் ராட்செட் சிக்கிக்கொண்டு கழலவே மாட்டேன் என்கிறது. காலையில் காய் வெட்ட ஆள் வருகிறார்கள், அதற்குள் அவிழ்க்க வேண்டும். நல்ல செட் என்ன வாங்கலாம்?

நொய்யல்கரை
எவ்வளவு தூரம்? என்ன உயரத்தில் கட்டியிருக்கிறீர்கள்? பெல்ட் அகலம்? உங்கள் எடை? இது எதுவும் இல்லாமல் சொல்வதென்றால் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும்.

சங்ககிரி ஸ்டியரிங்
ராட்செட்டுக்கு நான் சொல்கிறேன்ங்க, தினமும் அதோடுதான் பிழைப்பு. உருளையில் பெல்ட் அதிகமாகச் சுற்றியிருக்கும், இல்லை ஒரு பக்கமாக ஏறியிருக்கும். நடுவில் இருக்கும் கிளிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முழுசாகத் தட்டையாகும் வரை விரியுங்கள். கிளிப் அசையவில்லை என்றால் கைப்பிடியை ஒரு துளி இறுக்கும் பக்கம் அழுத்திக்கொண்டே இழுங்கள், பல்லின் மேல் இருக்கும் பாரம் குறையும். விடும்போது படாரென்று விடும். முகத்தைத் தள்ளி வையுங்கள், விரலை உள்ளே விடாதீர்கள். சுத்தியலைத் தொடவே வேண்டாம்.
அடுத்த முறை தொய்வை எல்லாம் கையாலேயே இழுத்துவிட்டு அப்புறம் கைப்பிடி போடுங்கள். இரண்டு மூன்று சுற்று விழுந்தால் போதும்.

மலைமுகடு
இந்தக் கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. ஸ்லாக்லைன் என்பது 1970களின் கடைசியில் அமெரிக்காவின் யோசெமிட்டியில் பாறையேறிகள் தங்கள் நைலான் பட்டையைக் கட்டி நடந்து உருவான கலை. 1985இல் ஸ்காட் பால்கம் என்ற பாறையேறி அங்கே லாஸ்ட் ஆரோ பாறைக்கு லைனிலேயே நடந்து போனார். 25 மிமீ பட்டை, நாலைந்து காரபைனர் (பாறையேறிகள் மாட்டும் உலோக வளையம்), அவ்வளவுதான் தேவை. ராட்செட் எல்லாம் குழந்தை விளையாட்டு.

அந்தியூர் சந்தை
ஏனுங்க, அவர் முட்டி உயரத்திலேயே நிற்க முடியாமல் தவிக்கிறார். நீங்கள் பாறை உச்சிக்கு அனுப்புகிறீர்களே.

தோப்புக்காரன்
லாரி பெல்ட்தான்ங்க, மாமா வண்டியில் இருந்து எடுத்தது. 2 இஞ்ச், 5 டன் என்று போட்டிருக்கிறது. முட்டி உயரம். எடை 65. ஒரு மரம் விட்டு அடுத்த மரத்துக்குக் கட்டியிருக்கிறேன்.

நொய்யல்கரை
தென்னை நடவு 25 அடிதானே? அப்படியென்றால் 50 அடி. சரி, நடு மரம் எங்கே போனது?

தோப்புக்காரன்
கூன் வண்டு விழுந்து போன வருஷம் வெட்டிவிட்டோம். அடிக்கட்டை மட்டும் இருக்கிறது.

நொய்யல்கரை
இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். லைனுக்கு அடியில் கட்டையை வைத்துக்கொண்டு பழகுவீர்களா? மல்லாக்க விழுந்தால் முதுகுக்கு நேராக அதுதான் இருக்கும்.
தொய்வுக்குக் காரணம் பெல்ட் இல்லை, தூரம். நடுவில் நின்றால் லைனில் வரும் இழுவை, எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் நாலு மடங்கால் வகுத்தால் ஏறக்குறைய வரும். 65 கிலோ, 15 மீட்டர், ஒரு அடி தொய்வு என்றால் 800 கிலோ. கையால் ராட்செட் போட்டு அதைப் பிடிக்கப் பார்த்துத்தான் அது சிக்கியிருக்கிறது. பக்கத்து மரத்துக்கே, 25 அடியில் கட்டினால் அதே தொய்வுக்கு 400தான். தென்னை வளைந்தும் கொடுக்கும், அதிலும் கொஞ்சம் இறுக்கம் போகும்.
கால் ஆட்டம் எல்லாருக்கும் உண்டு. லைன் குட்டையானால் பாதி அடங்கும். வெறுங்கால், முட்டியை மடக்கி, கண் எதிர் மரத்தில். நடக்க அவசரப்படாமல் ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள்.
வாங்குவதென்றால் 50 மிமீ ராட்செட் செட், 15 மீட்டர். மரக்காப்பும் தலைக்கு மேலே பிடித்துக்கொள்ளக் கயிறும் சேர்ந்து வருவதாகப் பாருங்கள். 25 மிமீ கைவந்த பிறகு.

சங்ககிரி ஸ்டியரிங்
அந்த 5 டன்னை நம்பி ஏறாதீர்கள். அறுகிற கணக்கா, வேலைக் கணக்கா என்று லேபிளைப் பாருங்கள், எல்சி என்று இருக்கும் எண்தான் வேலைக் கணக்கு. வெயிலில் கிடந்த பெல்ட் ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். கொக்கியும் வேண்டாம். பாரம் விட்டு விட்டு விழும்போது நழுவிவிடும்.

தோட்டத்து அம்மிணி
வண்டு விழுந்த தோப்பில் மறுபடி தென்னையிலேயே கட்டச் சொல்கிறீர்களே! தண்டில் காயம் பட்டால் அந்த வாடைக்கே சிவப்புக் கூன் வண்டு வந்து முட்டை வைக்கும். வேம்பு மாதிரி தென்னைக்குக் காயம் மூடவும் மூடாது.

சங்ககிரி ஸ்டியரிங்
எங்கள் அப்பிச்சி காலத்திலிருந்து தென்னையில் ஊஞ்சல் கட்டுகிறோம். ஒரு வண்டும் வந்ததில்லை.

தோட்டத்து அம்மிணி
ஊஞ்சல் கயிறும் 400 கிலோ இழுவையும் ஒன்றா கண்ணு? கோணிச்சாக்கை நாலு மடிப்பு போட்டுக் கட்டினாலும் நான் விடமாட்டேன். அதுவும் குலைக்குக் கீழே நின்றுகொண்டு பழகுவதா? நெற்று விழுந்தால் யார் பொறுப்பு?

அந்தியூர் சந்தை
களத்தோரம் வேம்போ புளியோ இருக்காதா?

மலைமுகடு
புளியங்கிளை முறியும்.

அந்தியூர் சந்தை
யாருங்க கிளையில் கட்டச் சொன்னது? அடிமரத்தில்தான்.

மலைமுகடு
நான் பொதுவாகச் சொன்னேன். காரபைனர் முறையில் கட்டியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

தோட்டத்து அம்மிணி
வண்டுக்குக் காரபைனர் தெரியுமா?

நொய்யல்கரை
தம்பி, ராட்செட் கழன்றதா இல்லையா? காலையில் ஆள் வருகிறார்கள் என்றீர்களே.

தோப்புக்காரன் (மூன்று நாள் கழித்து)
கழன்றதுங்க, ஸ்டியரிங் அண்ணன் சொன்ன மாதிரி. மாமா பெல்ட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். செட் ஆர்டர் போட்டிருக்கிறேன். தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் இரண்டு வேம்பு இருக்கிறது, அளந்து பார்த்தேன், 22 அடி. அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை.