25 அடி பாய்மரத்தைத் தனியாளாக நிறுத்த, இறக்க

கேள்வி: ட்ரெய்லரில் ஏற்றும் 22 அடி படகு. அலுமினியப் பாய்மரம், அடியில் கீல், பின்பக்கமாகச் சாயும். துணைக்கு ஆளில்லாமல் மரத்தை நிறுத்துவது எப்படி? பாதியில் பக்கவாட்டில் ஆடுகிறது.

கடலோடி: எடையை விடக் கோணம்தான் வில்லன். மரம் படுத்திருக்கும்போது முன்கம்பியை (மர உச்சியைப் படகின் முன்முனையோடு பிணைக்கும் கம்பி) இழுத்தால், விசை மரத்தின் நீளவாக்கிலேயே போய்விடும், தூக்காது. அதனால் 6 அடிக் குழாய் ஒன்றை மரத்தின் அடியில் செங்குத்தாக மாட்டி, அதன் நுனியில் முன்கம்பியைக் கட்டுங்கள். நுனியிலிருந்து முன்முனைக்கு, இழுவிசையை நான்கு மடங்காக்கும் கப்பி. பூமில் (பாயின் அடியைத் தாங்கும் கிடைத்தண்டு) இருக்கும் மெயின்ஷீட் கப்பியே, அதாவது பெரிய பாயை இழுத்துக் கட்டும் கப்பியே போதும், ஆனால் கயிறு நீளம் பாருங்கள்: நுனிக்கும் முன்முனைக்கும் 10 அடி என்றால் நான்கு சுற்றுக்கே 40 அடி, கைப்பிடிக்கு இன்னும் 10.

அலைவாய்: ஆட்டத்துக்குக் காரணம், மரத்தை இருபுறமும் தாங்கும் பக்கக் கம்பிகளின் அடிப்பிடி கீலுக்குப் பின்னால் இருப்பது. மரம் சாயச் சாய அவை தொய்யும். இருபுறமும் தற்காலிகக் கம்பி போடுங்கள். அவற்றின் அடி வளையம் கீலின் அச்சுக்கு நேராக, அதே உயரத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் கடைசிவரை விறைப்பு மாறாது.

துடுப்பு: பாதி உயரத்தில் திடீரென இறுகினால் பலம் போடாதீர்கள். கயிற்றைக் கிளீட்டில் (கயிற்றைப் பிடித்து நிறுத்தும் பிடி) பூட்டிவிட்டு டர்ன்பக்கிள்களை (கம்பிகளை முறுக்கி இறுக்கும் திருகுகள்) பாருங்கள். ஒன்று குறுக்கே மடங்கி நிற்கும். அப்படியே இழுத்தால் திருகு வளைந்துவிடும். இறக்கும்போதும் இதே ஏற்பாடு, முன்கம்பியின் பூட்டு ஆணியைக் கழற்றும் முன் கப்பி பாரத்தைத் தாங்குகிறதா என உறுதி செய்யுங்கள். தொடங்குமுன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா? அலுமினியம், மறக்க வேண்டாம்.